755க்குப் பிறகு பட்டுப் பாதை ஏன் வற்றியது? பேரரசுகளும் சோக்திய வணிகர்களும்

கரும்பலகை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மேல்நிலை வகுப்புகளுக்கு வரலாறு கற்பிக்கிறேன். ஹான் பேரரசு எழுந்தபோது பட்டுப் பாதை திறந்தது, அது விழுந்தபோது பாதை மங்கியது, தாங் பேரரசு எழுந்தபோது மீண்டும் செழித்தது, அது தளர்ந்தபோது வற்றியது என்று ஏறி இறங்கும் ஒரு கோட்டைப் பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் வரைந்து வருகிறேன். சென்ற வாரம் அதை வரைந்து முடித்ததும் ஒரு மாணவி எழுந்து, "ராஜா இருந்ததால வியாபாரம் நடந்துச்சா, வியாபாரம் நடந்ததால ராஜா இருந்தாரா சார்?" என்று கேட்டாள். அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்று கூறி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசிக்க யோசிக்க, நான் வரைந்த கோடு எதையும் விளக்கவில்லை என்பது புரிந்தது.

குறிப்பாக என்னைக் குழப்புவது 755ஆம் ஆண்டு. அந்த ஆண்டின் இறுதியில் ஆன் லூசான் என்ற தளபதி, இன்றைய பெய்ஜிங்கை ஒட்டிய பகுதியில் தாங் பேரரசுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார். அந்த இடத்திலிருந்து, மேற்கே பட்டுப் பாதையின் சோலை நகரமான காஷ்கர் மூவாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. உள்நாட்டுப் போர் சீனத்தின் வடகிழக்கில் தொடங்க, தக்லமக்கான் பாலைவனத்தின் விளிம்பில் இருந்த சோலை நகரங்கள் ஏன் வாடின? சீனத்தில் பட்டு நெய்பவர்கள் இருந்தார்கள், ஒட்டகங்கள் இருந்தன, கிழக்கு ரோமப் பேரரசான பைசாந்தியத்திலும் புதிதாக எழுந்த அப்பாசியக் கலீபாக்களின் நாட்டிலும் வாங்கும் கைகள் இருந்தன. அப்படியானால் இல்லாமல் போனது எது?

மூல ஆவணங்களைப் படித்தவர்கள் யாரேனும் விளக்கினால் நன்றியுடையவனாவேன். மாணவர்களிடம் தவறான ஒன்றைச் சொல்ல எனக்கு மனமில்லை.

மணற்கேணி எழுதியது:

வணக்கம் ஐயா. நெய்பவர் இருந்தார், ஒட்டகம் இருந்தது, வாங்குபவரும் இருந்தார் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். இல்லாமல் போனது படைச் சம்பளம்.

பட்டுப் பாதை என்றவுடன் சீனத்தில் புறப்பட்டு ரோமாபுரியில் போய் நிற்கும் ஒட்டக வரிசை நம் கண்முன் வருகிறது. பாதையோரச் சோலை நகரங்களான துர்பானிலும் துன்குவாங்கிலும் கிடைத்த ஆவணங்களில் அப்படிப்பட்ட நெடும்பயணிகள் அரிது. பெரும்பாலும் இந்தச் சோலையிலிருந்து அடுத்த சோலை வரை, சிறு கூட்டமாக, சில விலங்குகளோடு போய் வருகிறவர்கள்தாம் தென்படுகிறார்கள். அந்தச் சிறு ஊர்களின் சந்தையில் திடீரென்று பெருஞ்செல்வம் புழங்கத் தொடங்கியது என்றால், அதை அங்கே கொண்டுவந்து கொட்டியவர் யார் என்று கேட்க வேண்டும்.

தாங் அரசு 640இல் துர்பானை ஆண்ட காவோசாங் அரசை வென்றது. பிறகு மேற்கே குச்சா, கோத்தன், காஷ்கர் முதலிய நான்கு இடங்களில் காவற்படைகளை நிறுத்தியது. 670இல் திபெத்தியரிடம் அவற்றை இழந்து, 692இல் மீட்டு, அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேல் விடாமல் வைத்திருந்தது. அந்தப் படைகளுக்கு ஊதியம் தர வேண்டும். நடுவில் துளையிட்ட தாங் செப்புக் காசு ஆயிரம் கோத்த ஒரு சரம் ஏறத்தாழ நான்கு கிலோ எடை இருக்கும்; அதை ஒட்டகத்தில் ஏற்றிப் பாலைவனம் கடத்துவது கட்டுப்படியாகாது. ஆகவே வரியாக வாங்கிய சாதாரண வெண்பட்டையே அரசு பணமாக அனுப்பியது. ஒரு சுருள் சுமார் 12 மீட்டர் நீளமும் அரை மீட்டரைச் சற்றுத் தாண்டிய அகலமும் கொண்டது. அளவு சட்டத்தால் வரையறுக்கப்பட்டிருந்ததால் எண்ணிக் கொடுத்தாலே போதும். 740களை ஒட்டி ஹாமி, துர்பான், பெய்திங், குச்சா ஆகிய படைத்தலைமையகங்களுக்கு மட்டும் ஆண்டுக்கு 9 லட்சம் சுருள்கள் போயின. இந்த எண்ணைச் சற்று நின்று பாருங்கள். சில பத்தாயிரம் பேர் வாழ்ந்த சோலை நகரங்களில், ஆண்டு தவறாமல், எந்த வணிகரும் விற்காமலேயே இத்தனை பட்டு வந்து இறங்கியது. படைவீரர் அதைக் கொடுத்துத் தானியமும் குதிரையும் காலணியும் வாங்கினார்கள். வாங்கிய பட்டை வணிகர்கள் மேற்கே இன்றைய உஸ்பெகிஸ்தானில் உள்ள சமர்கந்து வரை கொண்டுபோனார்கள். நாம் ஏற்றுமதி என்று சொல்லிக்கொள்வதில் பெரும்பங்கு, சீன உழவனின் வீட்டில் வரிக்காக நெய்யப்பட்ட பட்டுதான்.

743ஆம் ஆண்டைச் சேர்ந்த துர்பான் சந்தை விலைப் பட்டியல் ஒன்று துண்டு துண்டாகக் கிடைத்திருக்கிறது. முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பொருள்களுக்கு உயர்ந்தது, நடுத்தரம், தாழ்ந்தது என்று மும்மூன்று விலைகளைச் சந்தை அலுவலர் எழுதி வைத்திருக்கிறார். பன்னிரண்டு ஆண்டுகளில் நின்றுபோகப் போகிற ஒரு செழிப்பின் உச்சம் அது.

இப்போது உங்கள் தொலைவுக் கேள்விக்கு வருகிறேன். ஆன் லூசான் எழுந்த ஹபெய் நிலப்பகுதிதான் பேரரசின் தலையாய பட்டு வரி நிலங்களுள் ஒன்று. கலகம் முதலில் அதைப் பறித்தது. கலகத்தை அடக்க அரசு மேற்கே இருந்த தேர்ந்த படைகளைத் திரும்ப அழைத்தது. கருவூலத்தில் பட்டு வரும் வாயும் அடைந்தது, அந்தப் பட்டை வாங்கிச் செலவழிக்கும் கைகளும் ஊரைவிட்டுப் போயின. 763இல் கலகம் முடிந்தது என்று நாம் எழுதுகிறோம். ஆனால் ஹபெயின் படைத்தலைவர்கள் அதன்பிறகும் தலைநகருக்கு ஒழுங்காக வரி அனுப்பவில்லை. அதே 763இல் திபெத்தியர் தலைநகர் சாங்கானுக்குள்ளேயே நுழைந்து இரண்டு வாரம் தங்கிவிட்டுப் போனார்கள். அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளில் மேற்கு நோக்கிய கான்சூ இடைவழியின் நகரங்கள் ஒவ்வொன்றாக அவர்கள் கைக்குப் போயின.

குச்சாவில் மாட்டிக்கொண்ட காவற்படையின் நிலையை நினைத்தால் மனம் கனக்கிறது. தலைநகரோடு தொடர்பு அறுந்து, வரவேண்டிய பட்டு வராமல், அவர்கள் தாங்களே செப்புக் காசு வார்த்துக்கொண்டார்கள். 766 முதல் 783 வரையிலான ஆட்சிப் பெயர்களைத் தாங்கிய, சிவந்த செம்பில் வார்த்த அந்தக் காசுகள் குச்சாப் பகுதியில்தான் மிகுதியாகக் கிடைக்கின்றன. 781இல் அவர்களுடைய தூதர்கள் வடக்கே இருந்த உய்குர் நாட்டைச் சுற்றிக்கொண்டு சாங்கானை அடைந்தபோதுதான், அந்தப் படை இன்னும் பேரரசின் பெயரால் நின்றுகொண்டிருப்பது அரசவைக்குத் தெரிந்தது.

ஆக, உங்கள் மாணவிக்கு என் விடை: ராஜா இருந்ததால்தான் வியாபாரம் நடந்தது. இன்னும் திருத்தமாகச் சொன்னால், ராஜா எல்லையில் செலவு செய்ததால் நடந்தது.

தறிமேடை எழுதியது:

மணற்கேணி ஐயாவின் விளக்கம் தெளிவாக இருக்கிறது. நான் வரலாறு படித்தவன் அல்லன். முப்பது ஆண்டுகளாகப் பட்டு ஜவுளி மொத்த வணிகத்தில் இருப்பவன். அவர் சுருள் என்று சொல்வதை எங்கள் கடைகளில் தான் என்போம். வணிகன் கண்ணுக்குத் தெரிகிற ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

சரக்கு இருப்பதும் வாங்குபவர் இருப்பதும் மட்டும் வணிகம் ஆகாது. நடுவில் கடன் இருக்க வேண்டும், அந்தக் கடனைத் திரும்ப வாங்கித் தர ஓர் இடம் இருக்க வேண்டும். என் வாழ்க்கையிலேயே, வெளிமாநிலத்துக் கடை ஒன்று சரக்கை எடுத்துக்கொண்டு இரண்டு ஆண்டுகள் பணம் தராமல் இழுத்தடித்தபோது, கையெழுத்திட்ட சீட்டும் அதைச் செல்லும் என்று ஏற்ற நீதிமன்றமும் இல்லையென்றால் நான் கடையை மூடியிருப்பேன்.

துர்பானை அடுத்த அஸ்தானா இடுகாட்டில் கிடைத்த ஒரு வழக்கைப் பற்றிப் படித்தபோது அந்த இரண்டு ஆண்டுகள்தாம் நினைவுக்கு வந்தன. அங்கே இறந்தவர்களுக்கு அலுவலகக் கழிவுத்தாளை வெட்டிக் காலணியும் தொப்பியும் செய்து போட்டுப் புதைத்திருக்கிறார்கள். வறண்ட மண்ணில் தாள் மக்கவில்லை. அப்படி வெட்டுப்பட்ட தாள்களை ஒட்டுப்போட்டுப் படித்ததில் கிடைத்தது இந்த வழக்கு. 670களில், சமர்கந்து, புகாரா வட்டாரத்தைத் தாயகமாகக் கொண்ட சோக்திய வணிகர் ஒருவர், தம் அண்ணன் ஒரு சீன வணிகருக்கு 275 சுருள் பட்டைக் கடனாகக் கொடுத்தார் என்றும், இருவரும் குச்சாவை நோக்கிப் புறப்பட்டதில் சீன வணிகர் வந்து சேர, அண்ணன் வரவே இல்லை என்றும் முறையிடுகிறார். இரண்டு ஒட்டகம், நான்கு மாடு, ஒரு கழுதை, பட்டு, வில், சேணம் என்று அண்ணன் கொண்டுபோனவற்றைக் கணக்குச் சொல்கிறார். கடன் சீட்டு அண்ணனோடு தொலைந்துவிட்டது. கடன் கொடுத்தபோது உடனிருந்த வணிகர்கள் சாட்சி சொல்கிறார்கள். தாங் நீதிமன்றம் அயல்நாட்டானுக்குச் சார்பாக, கடனைத் தீர்க்கும்படி தீர்ப்பளிக்கிறது.

சீட்டு இல்லாமல், சாட்சியை மட்டும் வைத்து, அயலான் ஒருவன் உள்நாட்டு வணிகனிடமிருந்து 275 சுருளைத் திரும்பப் பெற முடிந்தது என்றால், அந்த ஊருக்கு அடுத்த ஆண்டும் சரக்கோடு போகலாம் என்று நூறு வணிகர்கள் நினைத்திருப்பார்கள். அந்த நீதிமன்றம் போன பிறகு எந்த நம்பிக்கையில் கடன் கொடுப்பார்கள்? எனக்கு இதுதான் சம்பளத்தைவிடப் பெரிய காரணமாகத் தெரிகிறது.

சோக்தியர் தம் குழந்தை பிறந்ததும் வாயில் கற்கண்டுத் தேனையும் உள்ளங்கையில் பசையையும் தடவுவார்கள் என்று சீன வரலாற்று நூல் ஒன்று எழுதியிருக்கிறது: இனிக்கப் பேச வேண்டும், கைக்கு வந்த காசு ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவாம். வணிகரைப் பற்றி அலுவலர்கள் எழுதியது அது. இனிப்பையும் பசையையும் நம்பி யாரும் 275 சுருள் கடன் கொடுப்பதில்லை.

வடபுலத்தான் எழுதியது:

இருவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ராஜா இருந்ததால்தான் நடந்தது என்று அந்த மாணவியிடம் சொல்லிவிட்டால், ராஜா இல்லாத காலத்தை விளக்க முடியாமல் போகும்.

முதலில் சாங் கியனை எடுத்துக்கொள்வோம். பட்டுப் பாதையைத் திறந்தவர் என்று பாடநூல்கள் போற்றும் ஹான் தூதர் அவர். கி.மு. 138இல் புறப்பட்டு, சியோங்னு நாடோடிகளிடம் பத்தாண்டுகள் சிறைப்பட்டு, ஒருவழியாக இன்றைய ஆப்கானிஸ்தானின் வடபகுதியான பாக்திரியாவை அடைந்தார். அங்கே சந்தையில் அவர் கண்டது என்ன? தம் நாட்டின் தென்மேற்கில் விளையும் மூங்கிற் கழிகளும் சிச்சுவான் துணியும். எங்கிருந்து வந்தன என்று கேட்டபோது, எங்கள் வணிகர்கள் இந்தியாவில் வாங்கி வந்தார்கள் என்று சொன்னார்கள். அரசு தூதனை அனுப்புவதற்கு முன்பே, அரசுக்குத் தெரியாமலேயே, சரக்கு வேறு வழியாகப் போய்ச் சேர்ந்திருந்தது.

அடுத்தது 313ஐ ஒட்டிய கடிதங்கள். 1907இல் தொல்லியலாளர் ஆரல் ஸ்டைன் துன்குவாங்குக்கு மேற்கே, எல்லைச் சுவரின் காவற்கோபுரம் ஒன்றில், சோக்திய மொழியில் தாளில் எழுதி மடித்த கடிதங்கள் சிலவற்றைக் கண்டெடுத்தார். அவற்றுள் ஒன்று பட்டில் சுற்றி, முரட்டுத் துணியில் பொதிந்து, சமர்கந்துக்கு என்று முகவரி இட்டது. எழுதியவர் நனைவந்தக் என்னும் முகவர். 311இல் லுவோயாங் நகரம் சூறையாடப்பட்டதை அவர் தம் முதலாளிக்குத் தெரிவிக்கிறார்: பேரரசர் பஞ்சத்தால் நகரைவிட்டு ஓடிவிட்டார், அரண்மனை எரிந்துவிட்டது, அங்கே இருந்த இந்தியரும் சோக்தியரும் பட்டினியால் மாண்டுவிட்டார்கள். இவ்வளவையும் சொல்லிவிட்டு, 32 கஸ்தூரிப் பைகளைத் துன்குவாங்குக்கு அனுப்பியிருக்கிறேன், வந்ததும் ஐந்து பங்காக்கி இன்னின்னாருக்கு இவ்வளவு கொடுங்கள் என்று எழுதுகிறார். பேரரசின் தலைநகரம் எரிந்துபோன நிலையிலும் கஸ்தூரி கிளம்பிப் போகிறது. அனுப்பியவருக்கு எந்தக் கருவூலமும் சம்பளம் தரவில்லை.

அதே கோபுரத்தில் கிடைத்த இன்னொரு கடிதத்தைப் படித்தவர்கள் மறக்கமாட்டார்கள். கணவனால் துன்குவாங்கில் கைவிடப்பட்ட மிவ்னை என்ற பெண் எழுதியது. ஊர் திரும்பப் பணம் கேட்டு ஒவ்வொருவரிடமும் போய் நின்று, எல்லோரும் கைவிரித்தபின், உனக்கு மனைவியாக இருப்பதைவிட நாய்க்கோ பன்றிக்கோ மனைவியாக இருந்திருக்கலாம் என்று கணவனுக்கு எழுதுகிறாள். அரசு இல்லாத இடத்திலும் வணிக வலை பிழைத்துக்கொள்ளும் என்று நான் வாதிடும்போதெல்லாம், அந்த வலை யாரைத் தாங்கியது, யாரை நழுவவிட்டது என்பதை இந்தப் பெண் எனக்கு நினைவூட்டுகிறாள்.

ஹான் பேரரசு 220இல் முடிந்தது. தாங் பேரரசு 618இல் தொடங்கியது. இடைப்பட்ட நானூறு ஆண்டுகளில்தான் சோக்தியர் சமர்கந்திலிருந்து சீனம் வரை குடியிருப்புக் குடியிருப்பாகத் தங்கள் வலையைப் பின்னினார்கள். சிந்து நதியின் மேற்பகுதியில், இன்றைய பாகிஸ்தானின் ஷாதியால் என்ற இடத்தில், அவர்கள் பாறைகளில் செதுக்கிய கல்வெட்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பெரும்பாலானவை வெறும் பெயர்கள். ஒன்றில் மட்டும் ஒருவர், விரைவாகப் போய்ச் சேர்ந்து உடன்பிறந்தவனை நலத்தோடு மகிழ்ச்சியாகக் காண வேண்டும் என்று அவ்விடத்துத் தெய்வத்தை வேண்டிச் செதுக்கியிருக்கிறார்.

இனி, வணிகம் அரசை எங்கே இழுத்துச் சென்றது என்பதையும் பார்க்க வேண்டும். 552இல் எழுந்த துருக்கியப் பேரரசுக்கு வட சீன அரசர்கள் படையெடுப்புக்கு அஞ்சிப் பட்டைக் கப்பமாகக் கொட்டினார்கள். ஓர் அரசு ஆண்டுக்கு ஒரு லட்சம் சுருள் கொடுத்தது. கூடாரத்தில் வாழும் துருக்கிய மன்னனான ககானுக்கு ஒரு லட்சம் சுருள் எதற்கு? அதை விற்றுத் தருகிறோம் என்று முன்வந்தவர்கள் சோக்தியர். மணியாக் என்ற சோக்தியரின் தலைமையில் முதல் தூதுக்குழு பாரசீகத்துக்குப் போனது. பாரசீகப் பேரரசர் முதலாம் குஸ்ரோ அந்தப் பட்டை விலைகொடுத்து வாங்கி, தூதர்களின் கண்ணெதிரே எரித்துவிட்டார். துருக்கியர் பாரசீகச் சந்தைக்குள் நுழையக் கூடாது என்பதே அதன் பொருள். உடனே மணியாக், பாரசீகத்தைச் சுற்றிக்கொண்டு காக்கசஸ் வழியாகப் பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் ஜஸ்டினிடம் 568இல் பட்டோடு போய்ச் சேர்ந்தார். பாரசீகத்துக்கு எதிராகத் துருக்கியரும் பைசாந்தியரும் கைகோத்தது இப்படித்தான். விற்காத பட்டு ஒன்று மூன்று பேரரசுகளின் நட்பையும் பகையையும் மாற்றி அமைத்தது. இங்கே முன்னால் நடந்தது வணிகர். பின்னால் வந்தது ககான்.

மணற்கேணி எழுதியது:

வடபுலத்தாருக்கு நன்றி. மணியாக்கைப் பற்றிச் சொன்னதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. ஒன்றை மட்டும் கவனிக்கும்படி வேண்டுகிறேன்: மணியாக் சுமந்து சென்ற பட்டும் சந்தையில் வாங்கியதன்று, கப்பமாக வந்தது. சமர்கந்தின் பழைய மேட்டில் 1965இல் வெளிப்பட்ட சுவரோவியங்களைப் பாருங்கள். ஏழாம் நூற்றாண்டில் அதை ஆண்ட வர்குமானின் அவைக்கு வரும் சீனத் தூதர்கள் கையில் ஏந்தி நிற்பது பட்டு. கப்பமும் பரிசும் சம்பளமுமாகத்தான் பட்டு பெரிய அளவில் மேற்கே பாய்ந்தது. வணிகர் அந்தப் பெருக்கில் வாய்க்கால் வெட்டத் தெரிந்தவர்கள். பேரரசு இல்லாத நாளில் அவர்கள் எதை அனுப்பினார்கள் என்பதற்கும் உங்கள் கடிதமே சான்று: 32 கஸ்தூரிப் பை. கைப்பையில் அடங்கும் சரக்கு. வணிகம் அறுந்துபோகவில்லை, இளைத்துப்போனது என்று என் விடையைத் திருத்திக்கொள்கிறேன்.

தறிமேடை ஐயா சொன்ன கடன் நம்பிக்கையை நான் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஹான் காலத்திலேயே அதற்கு முன்னோடி உண்டு. துன்குவாங்கை அடுத்த சுவான்குவான் அஞ்சல் நிலையத்தில் கிடைத்த மரச்சுவடிகளில், கி.மு. 39இல் மத்திய ஆசியாவின் காங்ஜு நாட்டுத் தூதர்கள் கொடுத்த முறையீடு ஒன்று இருக்கிறது. தாங்கள் கொண்டுவந்த கொழுத்த ஒட்டகத்தை மெலிந்தது என்றும், வெள்ளை ஒட்டகத்தை மஞ்சள் என்றும் எல்லை அலுவலர்கள் எழுதி விலையைக் குறைத்துவிட்டார்கள் என்பது புகார். தூதர் என்ற பெயரில் வந்த வணிகர்களுக்கு, விலையில் ஏமாற்றப்பட்டால் முறையிட ஓர் இடம் இருந்திருக்கிறது.

கரும்பலகை எழுதியது:

நீங்கள் மூவரும் எழுதியதைப் படித்தபின், நான் வரைந்த கோட்டை அழித்துவிட்டேன். இன்னும் ஓர் ஐயம். 751இல் தலாஸ் ஆற்றங்கரையில் அரபுப் படை தாங் படையை முறியடித்ததால்தான் சீனம் மத்திய ஆசியாவை இழந்தது என்றும், அங்கே சிறைப்பட்ட சீனர்கள் மூலம்தான் தாள் மேற்கே போனது என்றும் எழுதப்பட்டிருக்கிறதே? அப்படியானால் திருப்புமுனை 751 என்றல்லவா சொல்ல வேண்டும்? ஆன் லூசானே சோக்தியர் என்றும் கேள்விப்பட்டேன். அவருடைய கலகத்துக்குப் பின் சோக்தியர் என்ன ஆனார்கள்?

மணற்கேணி எழுதியது:

தலாஸ் போர் புகழ்பெற்ற அளவுக்குப் பொருள் பெற்றதன்று. தாஷ்கந்து அரசரைத் தளபதி காவ் சியான்சி வஞ்சகமாகப் பிடித்ததில் தொடங்கி, உடன் நின்ற கர்லுக்குகள் என்ற துருக்கிய இனத்தார் கட்சி மாறியதில் தோல்வியாக முடிந்த போர் அது. ஆனால் இரண்டே ஆண்டுகளில், 753இல், தாங் படை பாமீருக்குத் தெற்கே இன்றைய பல்திஸ்தான் வரை சென்று வென்று திரும்பியது. தோற்ற பேரரசு செய்யக்கூடிய காரியமா அது? தாளைப் பற்றிய கதையைப் பதினோராம் நூற்றாண்டு நூல் ஒன்று சொல்கிறது. வடபுலத்தார் காட்டிய கடிதங்களோ சோக்தியர் அதற்கு 400 ஆண்டுகளுக்கு முன்பே தாளில் எழுதியதைக் காட்டுகின்றன. தாள் செய்யும் தொழிலுக்குச் சமர்கந்து பின்னாளில் பெயர்பெற்றது உண்மை. தாளை அது முதலில் பார்த்தது தலாசுக்குப் பிறகு அன்று.

ஆன் லூசானைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். தந்தை வழியில் சோக்தியர், தாய் துருக்கியப் பெண். ஆன் என்பது புகாராவிலிருந்து வந்தவர்களுக்குச் சீனர் இட்ட குடும்பப் பெயர். லூசான் என்பது ஒளி என்று பொருள்படும் சோக்தியப் பெயரின் சீன ஒலிப்பு. தறிமேடை ஐயா குறிப்பிட்ட வழக்கைத் தொடுத்த தம்பிக்கும் அதே பெயர்தான். பல மொழிகள் அறிந்தவராக எல்லைச் சந்தையில் தரகராக இருந்து, படையில் சேர்ந்து, கடைசியில் வடகிழக்கின் மூன்று படைப்பகுதிகளுக்கு ஒருசேரத் தலைவரானவர். 757இல் சொந்த மகனே அவரைக் கொல்ல ஏற்பாடு செய்தான்.

அவருடைய இனத்தார் அதற்குக் கொடுத்த விலை கொடியது. ஆன் என்ற குடும்பப் பெயரைத் தாங்க வெட்கி, அரசுப் பக்கம் நின்று போரிட்ட ஒரு தளபதியே மன்னரிடம் வேண்டி லீ என்று பெயர் மாற்றிக்கொண்டார். பெய்ஜிங் பகுதியில் உயர்ந்த மூக்குடையவர்களைத் தேடிக் கொன்றார்கள்; யாங்சோ நகரில் 760இல் அரபு, பாரசீக வணிகர்கள் ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டார்கள். சம்பளம் நின்றது, நீதிமன்றம் போனது என்று நாம் பேசினோம். அயலான் என்று தெரிந்தாலே உயிர் போகும் என்ற நிலை வந்ததையும் அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். பலர் சீனரோடு கலந்து மறைந்தார்கள். சிலர் உய்குர் ககான்களின் அவைக்குப் போய், அவர்கள் ஒரு குதிரைக்கு 40 சுருள் என்று தாங் அரசிடம் விலைபேசி வாங்கிய பட்டை விற்றுக் கொடுத்தார்கள். 840இல் கிர்கிசியர் உய்குர் அரசையும் வீழ்த்தியதோடு அந்த வாய்க்காலும் அடைந்தது.

வடபுலத்தான் எழுதியது:

தாய்நாட்டிலும் அவர்களுக்கு அமைதி இல்லை. 712இல் அரபுத் தளபதி குதைபா சமர்கந்தைப் பிடித்தார். பஞ்சகெந்த் நகரின் அரசர் திவாஷ்திச் மலைக்கோட்டைக்குள் பின்வாங்கி, 722இல் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அவர் விட்டுச்சென்ற எழுபதுக்கும் மேற்பட்ட ஆவணங்கள், தோலிலும் தாளிலும் குச்சிகளிலும் எழுதியவை, இன்றைய தஜிகிஸ்தானில் முக் மலையில் 1930களின் தொடக்கத்தில் கிடைத்தன. சோக்திய மொழி மெல்ல மெல்லப் பாரசீகத்துக்கும் துருக்கிக்கும் இடம்விட்டது. யக்னோப் பள்ளத்தாக்கின் மக்கள் பேசும் மொழி ஒன்றுதான் அதன் உறவாக இன்றும் எஞ்சியிருக்கிறது.

வகுப்பில் பயன்படும் ஒரு சொல்லை மட்டும் சேர்க்கிறேன். சீனத்தில் இருந்த சோக்தியக் குடியிருப்புகளின் தலைவருக்குச் சீனர் சபாவோ என்று பதவிப் பெயர் வழங்கினார்கள். அது சோக்தியத்தில் சார்த்தபாவ், வணிகக் கூட்டத்தின் தலைவன். வடமொழியின் சார்த்தவாகன் என்பதிலிருந்து போனது. அதே வேரிலிருந்துதான் தமிழில் சாத்து வந்தது. கோவலனின் தந்தை மாசாத்துவான் என்ற பெயரில் இருப்பதும் அதுவே. மிளகு சுமக்கும் கழுதைச் சாத்துகள் செல்லும், சுங்கம் கொள்ளும், வில்வீரர் காக்கும் பெருவழியைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. சாத்தும் சுங்கமும் காவலும் ஒரே இடத்தில் நிற்கும் அந்தக் காட்சியை மாணவர்கள் முன்பே படித்திருப்பார்கள்.

அப்படி ஒரு சாத்துத் தலைவரின் கல்லறை 2003இல் சியான் நகரில் அகழப்பட்டது. விர்கக் என்பது அவர் பெயர். கான்சூ வழியில் இருந்த லியாங்சோவின் சபாவோவாக இருந்து, 579இல் 86 வயதில் இறந்தார். ஒரு மாதத்தில் மனைவியும் இறந்தார். வாயிலின் மேலே சோக்தியத்திலும் சீனத்திலும் எழுதியிருக்கிறார்கள். கல்லில் அவருடைய வாழ்க்கையைச் செதுக்கிய பிள்ளைகள், அரசர்கள் முன் அவர் நிற்பதையும் விருந்து உண்பதையும் காட்டிவிட்டு, சுமையேற்றிய விலங்குகளோடு அவர் வழிநடப்பதையும் ஓரிடத்தில் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.